கலியாணப் படத்தில் மூன்றாவது தலை

டென்மார்க்கில் இருந்த தமிழர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும் வந்து சேராமல் தடைப்பட்டு நின்றதற்கு நான்தான் காரணம் என்று ஐந்து வருடங்களுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் குற்றம் சாட்டவில்லை. நானாகவே யோசித்துக் கண்டுபிடித்தேன்.

பிள்ளைகளே, இந்தக் கதையை நீங்கள் அம்மாவின் வாயால் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். அம்மா சொல்லும்போது நான் மிகவும் மொக்கனாகத் தெரிவேன். நானே எழுதினால் கொஞ்சம் குறையலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். (எழுதி முடித்து ஒருமுறை வாசித்தேன். குறையவில்லை.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கிரின்ஸ்டெட் என்ற சிறிய டெனிஷ் ஊரில், கதவு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு அறை வீடொன்றில் அந்தோனி அண்ணையும் நானும் இருந்தோம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய மனைவி மேரி அக்கா இரண்டு பிள்ளைகளோடு மன்னாரில். உங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில். எங்களுக்குக் கலியாணம் நடந்து பத்தொன்பதாம் நாள் நான் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். பகல் முழுக்கக் கதவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தபால் பெட்டியின் கதவைத் திறந்து பார்ப்பதுதான் எங்கள் இருவருடைய வாழ்க்கை.

மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட வேண்டும். கலியாணம் உண்மையானதுதான் என்று காட்ட வேண்டும். பத்தொன்பது நாள் குடும்பம் நடத்தியவனிடம் என்ன பெரிய சான்று இருக்கும்? பதிவுத் துண்டு ஒன்று, அழைப்பிதழ் ஒன்று, படம் ஒன்று. அவ்வளவுதான்.

அந்தப் படத்தை இன்றைக்கும் கூடத்தில் பார்க்கிறீர்கள். தாலி கட்டி முடிந்து நாங்கள் இருவரும் நிற்கிறோம். பின்னால் சிவப்புத் துணி. அந்தத் துணியில் அம்மாவின் மச்சான் ஒருவர், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள்களை மாதக்கணக்காகச் சேர்த்து, பெரிய சுவஸ்திகா ஒன்று வெட்டி ஒட்டியிருந்தார். படம் பிடித்தவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க, அது சரியாக எங்கள் இரண்டு தலைகளுக்கும் நடுவில் வந்துவிட்டது. அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் நான்கு சுவஸ்திகா. உறையில் ஒன்று. மொத்தம் ஆறு. ஊரில் அதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல காரியம் என்றால் மஞ்சள் பூசுவார்கள், பிள்ளையார் சுழி போடுவார்கள், இதையும் போடுவார்கள்.

விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பி வைத்திருந்த கிழமையில்தான் டெனிஷ் மொழி வகுப்பில் அது நடந்தது.

எங்கள் ஆசிரியை கியர்ஸ்டன். நரைத்த தலை, தானே பின்னிய கம்பளிச் சட்டை. ஒரே வசனத்தை மூன்று மாதமாக நான் பிழையாகச் சொல்லியும் சலிக்காதவர். அன்று மே மாதம் நாலாம் தேதி. “இன்று மாலை எங்கள் யன்னல்களில் மெழுகுதிரி எரியும். ஏன் என்று சொல்கிறேன்” என்று ஒரு படப் புத்தகத்தைத் திறந்தார். ஜெர்மன் படை இந்த நாட்டைப் பிடித்து ஐந்து வருடம் வைத்திருந்து, இதே மாலையில் சரணடைந்த கதை. ஒரு பக்கத்தில் பெரிய கட்டடம். அதன் மேல் கொடி. கொடியின் நடுவில் எங்கள் பிள்ளையாருடைய குறி.

அந்த வகுப்பில் எனக்குத் தெரிந்த ஒரு விசயம் அதற்கு முன் வந்ததே இல்லை. கையை உயர்த்தினேன். அன்றைய என் டெனிஷை அப்படியே தமிழில் தருகிறேன்: “நான் இது தெரியும். இது மிக நல்லது. என் வீட்டில் இது நிறைய.”

பக்கத்தில் இருந்த ஈரானியர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

கியர்ஸ்டன் புத்தகத்தை மெதுவாக மூடினார். “என் அம்மாவின் தம்பிக்குப் பத்தொன்பது வயது. இந்தக் கொடியோடு வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இங்கே இதை யாரும் வீட்டில் வைப்பதில்லை” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

(ஹிட்லரைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படிக்காமல் இல்லை. படித்ததில் மீசை மட்டும் நினைவில் நின்றிருந்தது.)

புத்தியுள்ள ஒருவன் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போய், “எங்கள் ஊரில் இதற்கு வேறு அர்த்தம்” என்று இரண்டு வார்த்தை கதைத்திருப்பான். நான் நேரே புத்தகக் கடைக்குப் போய், எழுத்துப் பிழைகளை மறைக்கப் பூசும் வெள்ளை மை ஒரு போத்தல் வாங்கினேன்.

வழியெல்லாம் அந்தக் குறியே கண்ணில் பட்டது. புத்தகக் கடையின் தரைக் கல்லில், தொழிற்சாலைக் கதவின் சட்டத்தில், கடைசியில் கிரின்ஸ்டெட் நாற்சந்தியே அப்படித் தெரிந்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அலுமாரியில் இருந்த பிள்ளையார் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தோனி அண்ணை பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“அவர் என்ன குற்றம் செய்தவர்?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். “உங்கட சிலுவையை இஞ்ச ஆரும் பிழையா நினைக்கினமோ, அண்ணை?”

“எங்கட சிலுவையோ? அது இவங்கட கொடியிலயே கிடக்கு. உங்கட பிள்ளையாருக்குத்தான் கொஞ்சம் கூட்டாளிமார் சரியில்லை.” பிறகு யோசித்துவிட்டு, “எண்டாலும் தம்பி, அதுவும் முந்தி ஆக்களை அறைஞ்சு கொல்லுற மரம்தானே. நாங்கள் கும்பிட்டுக் கும்பிட்டு வேற ஆக்கிப் போட்டம்” என்றார்.

இது எவ்வளவு பெரிய கதை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. என் கவனம் முழுக்கப் போத்தல் மூடியில் இருந்தது.

அழைப்பிதழும் உறையும் இலேசாக முடிந்தன. நான்கு மூலையிலும் காகம் எச்சமிட்டது போல இருந்தது, ஆனால் குறி தெரியவில்லை. படம்தான் பிடிகொடுக்கவில்லை. வழுவழுப்பான தாள். ஒருமுறை பூசினால் வெள்ளி மினுங்கியது. இரண்டாம் முறையும் மினுங்கியது. ஐந்து முறை பூசினேன். ஓரத்தைச் சரியாக்கப் போய் வட்டம் பெருத்தது. வட்டத்தைச் சரியாக்கப் போய் முட்டையானது. கடைசியில் அது அம்மாவின் முகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, எங்கள் இருவருக்கும் நடுவில், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தோனி அண்ணை படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“ஆரடாப்பா இது, நடுவில?”

“ஒருத்தருமில்லை அண்ணை. பூ.”

“பூவெண்டால் இதழ் வேணுமே.”

நியாயமான பேச்சு. நீலப் பேனை எடுத்து, வட்டத்தைச் சுற்றி வர நெருக்கமாக இதழ்கள் கீறினேன். அவர் இன்னொருமுறை பார்த்தார். ஒரு துண்டுப் பாணை மென்று விழுங்கினார்.

“இப்ப தலைமயிரும் வந்திட்டுது” என்றார்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். வேறு படம் அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதியிருக்கலாம். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மாதமாகும். இரண்டு மாதம் பிந்தக் கூடாது என்ற அவசரத்தில், மறுநாளே எல்லாவற்றையும் தபாலில் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, நேரில் வரும்படி ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டவர் விடயங்களைப் பார்க்கும் கந்தோர். துணைக்குக் கியர்ஸ்டன் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஏன் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வழியில் கேட்டார். தெரியாது என்றேன். அதுவும் பொய்யில்லை. என் வேலைப்பாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் சட்டையோடு ஓர் உத்தியோகத்தர் இருந்தார். எங்கள் கலியாணப் படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எனக்கு முன்னால் வைத்தார்.

“இந்தப் படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள்.”

“இரண்டு” என்றேன்.

“நடுவில் இருந்தவரை அழித்தது யார்?”

“நான்.”

“அவர் யார்?”

சுவஸ்திகா என்பதற்கு டெனிஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சொற்களில் எது கிட்ட வரும் என்று தேடினேன். ஒன்று அகப்பட்டது.

“கடவுள்.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “கடவுளை ஏன் அழித்தீர்கள்?”

“நீங்கள் பயம் வரும்.”

அவர் கியர்ஸ்டனைப் பார்த்தார். கியர்ஸ்டன் என்னைப் பார்த்தார். பிறகு அந்த உத்தியோகத்தர் குரலைத் தணித்து, இதற்கு முன் எனக்கு வேறு மனைவி இருந்தாரா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருடைய கணக்கில் நான் முதல் மனைவியின் தலையை அழித்துவிட்டு இரண்டாவது மனைவியைக் கூப்பிடுகிறவன். (அந்த முதல் மனைவிக்கு நீல நிறத் தலைமயிர் என்பது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.) இல்லை, இல்லை என்று நாலைந்து தரம் சொன்னேன். வாயால் முடியாது என்று தெரிந்ததும் அவருடைய பேனையை எடுத்து, மேசையில் கிடந்த தாளில் அந்தக் குறியைப் பெரிதாகக் கீறிக் காட்டினேன். அது கந்தோர்த் தாள். மேலே அரசாங்க முத்திரை, கீழே என் சுவஸ்திகா.

கியர்ஸ்டன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “இது என்னால் வந்தது” என்றார். பிறகு அந்த உத்தியோகத்தருக்கு மே மாத வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகவே சொன்னார். கொப்பன்ஹேகன் நூதனசாலையில் ஒரு பழைய எழுத்துக் கல்லில் இதே குறி இருக்கிறதாம். அதைவிடப் பழைய, பெண்கள் சட்டையில் குத்தும் ஊசியொன்றிலும் இருக்கிறதாம். அந்தக் காலத்து டெனிஷ் ஆட்கள் அதை என்னவென்று நினைத்துக் கீறினார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, சூரியன் என்று சிலர் சொல்லுகிறார்களாம். கொப்பன்ஹேகனில் ஒரு பியர் ஆலை வாசலில் நிற்கும் கல் யானைகளின் உடம்பிலும் இருக்கிறதாம். ஹிட்லருக்கு முன்பே செய்தவையாம்.

“யானையிலயோ?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு டெனிஷில், ஏன் இதை வகுப்பில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்கவில்லை” என்றார்.

இப்போது என் முறை. நான்கு கை, நான்கு திசை. இடையில் நான்கு புள்ளி. புதிதாக எதைத் தொடங்கினாலும் நல்லபடி முடியட்டும் என்று போடுவது. பிள்ளையாருக்கு உரியது. புத்த சமயத்தவர்களும் புத்தருடைய பாதத்தில் செதுக்குவார்கள், சமணர்களும் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் என் டெனிஷில் கொட்டினேன்.

“பிள்ளையார் யார்?” என்றார் உத்தியோகத்தர்.

“கடவுள். யானைத் தலை.”

அவர் படத்தைத் திரும்ப எடுத்தார். “அப்படியென்றால் இங்கே இருந்தது யானைத் தலையா?”

அவர் பகிடி விடவில்லை. எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

கியர்ஸ்டன் பொறுமை இழந்து, உறையிலிருந்து படத்தை எடுத்து, விரல் நகத்தால் வெள்ளையின் ஓரத்தை ஒருமுறை தட்டினார். ஐந்து தரம் பூசியது ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பி, தலைமயிரோடு முழுசாக மேசையில் விழுந்தது. அடியில், அம்மாவின் மச்சான் ஒட்டிய சிகரெட்டுத் தாள் ஊரில் மினுங்கியதைவிட அதிகமாக மினுங்கியது.

உத்தியோகத்தர் மேசையில் கிடந்த தலையை ஒரு சிறிய உறைக்குள் போட்டு என் விண்ணப்பக் கோவையில் குத்தினார். பிறகு என்னை நேராகப் பார்த்து, “நான் உங்களை நம்புகிறேன்” என்றார். “ஆனால் முடிவெடுப்பது நான் இல்லை. இது கொப்பன்ஹேகனுக்குப் போகும். அங்கே உங்கள் ஆட்களின் கோவைகள் இப்போது அசைவதில்லை.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தலை கிடந்த உறையைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஐப்பசியில் ஊரில் பெரிய சண்டை. கடிதம் வருவது நின்றது. பிறகு ஒன்று வந்தது. அம்மா எழுதியிருந்தார்: “ரெண்டு கிழமை கோயிலில இருந்தம். வீட்டுக் கூரையில பாதி இல்லை. உங்கட நீலச் சேட்டு பத்திரமாக் கிடக்கு. விசா என்ன மாதிரி?” அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு மட்டும் நின்றிருந்தால் என் விதி என்று விட்டிருப்பேன். அந்தோனி அண்ணைக்கும் நின்றது. ஓகூஸ் நகரில் இருந்த தமிழர்களுக்கும் நின்றது. ஹ்விடோவ்ரேயில் இருந்து வந்த ஒருவரும் அதையே சொன்னார். நான் யோசித்தேன். ஒரு தமிழன் படத்தில் தலை அழித்திருக்கிறான் என்று கொப்பன்ஹேகனுக்குத் தெரிந்துவிட்டது. இனி எல்லாத் தமிழருடைய படத்தையும் நகத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். அதற்குக் காலம் எடுக்கும்தானே.

ஒருநாள் சோறு வடிக்கும்போது அந்தோனி அண்ணையிடம் ஒப்புக்கொண்டேன். “உங்கட கேசும் என்னாலதான் நிக்குது, அண்ணை.”

அவர் வெகுநேரம் சிரித்தார். “உன்ர ஒரு போத்தில் மைக்கு ஒரு நாடே நிக்குமோ? நீ என்ன, அவ்வளவு பெரிய ஆளோ?” பிறகு சிரிப்பு நின்றது. அவரும் எட்டு மாதமாகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. கரண்டியை வைத்துவிட்டு, “எண்டாலும் மேரிக்கு இதை எழுதிப் போடாதை” என்றார்.

அந்த “எண்டாலும்” என்னை ஒரு கிழமை நித்திரை கொள்ள விடவில்லை. அதன் பிறகுதான் நீதி அமைச்சுக்குக் கடிதம் எழுதினேன். கியர்ஸ்டனுக்குக் காட்டவில்லை. காட்டினால் பிழை திருத்துவார், திருத்தினால் என் எழுத்து இல்லை என்று சந்தேகம் வரும் என்று நினைத்தேன். (இந்த விசயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வந்திருந்தது.) அந்தக் கடிதம் இப்படி இருந்தது: “மரியாதைக்குரிய அமைச்சர். தமிழர் எல்லாரும் நல்ல படம். நான் ஒருவன் மட்டும் வெள்ளை பூசினேன். அது கடவுள், மனைவி இல்லை. என்னை வையுங்கள். மற்றவர்களின் மனைவி வரட்டும்.”

ஒரு மாதத்தில் பதில் வந்தது. என் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். அச்சடித்த தாள்.

இரண்டு குளிர்காலம் போனது. பிறகு ஒரு வசந்தத்தில், எந்தக் காரணமும் சொல்லாமல், தபால் பெட்டியில் அனுமதி கிடந்தது. அந்தோனி அண்ணைக்கும் அதே மாதத்தில் வந்தது. பிலுண்ட் விமான நிலையத்தில் அம்மா ஒரு சிறிய பெட்டியோடு இறங்கி வந்தார். பத்தொன்பது நாள் பழக்கம்தானே, கதையை எங்கே விட்டோம் என்று இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், கந்தோரிலிருந்து திரும்பி வந்திருந்த அழைப்பிதழைக் கண்டுவிட்டார். “இஞ்சருங்கோ, இதில என்ன கொட்டுப்பட்டது?” எல்லாவற்றையும் சொன்னேன். அமைச்சருக்கு எழுதிய கடிதம் வரை. அம்மா சிரிக்கவில்லை.

“நான் ரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான்” என்றார். “நீங்கள் இஞ்ச இருந்து அவரைப் பூசி அழிச்சிருக்கிறியள். பாவம், அந்த மனிசன் ஆரின்ர பக்கம் நிக்கிறது?”

அன்று முதல் பிள்ளையார் கூடத்துப் பக்கம் முகம் பார்க்கத் தொடங்கினார்.

ஏன் நம் வீட்டுக்குள்ளே அந்தக் குறி இருக்கிறது, வாசற்கதவில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். காரணம் பயம் இல்லை. கியர்ஸ்டன் கதவைத் தட்டும்போது முதலில் காண்பது அவருடைய மாமனைக் கொண்டுபோன கொடியாக இருக்கக் கூடாது. உள்ளே வந்து இருந்தபின் அது பிள்ளையாருடையது, கியர்ஸ்டனே போய்ப் பார்ப்பார். கோடுகள் ஒன்றுதான். அதை யார் எதற்குப் பிடித்தார்கள் என்பது வேறு வேறு. இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். மே நாலாம் தேதி நானும் யன்னலில் மெழுகுதிரி வைக்கிறேன்.

மூத்தவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு தை மாதம், தொலைக்காட்சியில் எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்திச் செய்தி சொன்னார்கள். எங்கள் விண்ணப்பங்கள் ஏன் நின்றன என்று விசாரித்த, ‘தமிழர் வழக்கு’ என்று இங்கே பேர் வாங்கிய விசயத்தின் அறிக்கை வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் கோவைகளைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைக்கச் சொன்னது அப்போதைய நீதி அமைச்சர் என்று அதில் இருந்தது. பிரதமர் பதவி விலகினார். அரசாங்கம் போய்விட்டது.

தொலைபேசி அடித்தது. ஓகூஸுக்குக் குடிபோயிருந்த அந்தோனி அண்ணை.

“தம்பி, செய்தி பாத்தனியோ?”

“ஓம் அண்ணை.”

“நீ இல்லையாம்.”

வைத்துவிட்டார். நாடு முழுக்கத் தலையில் கை வைத்திருந்த அந்த நாளில் நான் ஒருவன் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரு மூலையில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதை இந்த வயதில் மறைப்பானேன்.

அம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று, “என்னவாம்?” என்றார்.

“அரசாங்கம் விழுந்திட்டுதாம். நான் இல்லையாம்.”

இதை அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது இந்த நாட்டில் தேர்தல் நடந்து அரசாங்கம் மாறும்போதெல்லாம், நீங்கள் மூன்று பேரும் எங்கெங்கோ இருந்தபடி ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசி எடுத்து, டெனிஷில் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள்: “அப்பா, இந்த முறை நீங்களா?”

இல்லை என்கிறேன். பின்னால் இருந்து அம்மா சொல்லுகிறார்: “இன்னொருக்கா வடிவாக் கேளுங்கோ.”